பூவாத குலம்

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி விசுவநாத சுவாமி கோயிலின் கோபுர வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தோளில் கிடக்கும் அங்கவஸ்திரத்தைக் கேளாமலே வாங்கிக்கொண்டு போய்விடக்கூடிய காற்று அது. ஆரியங்காவுக் கணவாயின் வழியாக மலையாளத்து மழையில் கொஞ்சத்தை அது அள்ளிக்கொண்டு வந்து தூவுகிறது. அதற்குத்தான் சாரல் என்று பெயர்.

சாரல் விழுந்தது என்று கேள்விப்பட்டதும் ஜனங்கள் குற்றாலத்துக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். நாமும் போகிறோம். பேரருவியில் தலையைக் கொடுக்கிறோம், ஐந்தருவிக்குப் போகிறோம், மங்குஸ்தான் பழம் வாங்கித் தின்கிறோம். ஆனால் அருவியின் ஓரத்துப் பாறை இடுக்கில் இரவும் பகலும் நனைந்துகொண்டு, தண்ணீர்த் திவலை விழும்போதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும் பச்சை இலைகளை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அவைதாம் பெரணிகள். சிலர் பன்னம் என்றும் சொல்வார்கள்.

அரிதான காரியத்தை 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். உண்மையில் அத்தி பூக்கத்தான் செய்கிறது. தன் பூவைக் காய்க்குள் மறைத்து வைத்திருக்கிறது, அவ்வளவே. பெரணியோ மெய்யாகவே பூப்பதில்லை. ஆகையால் காயும் இல்லை, விதையும் இல்லை. இலையைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் புள்ளிகளோ கோடுகளோ தெரியும். பூச்சி அரித்துவிட்டதென்று எண்ணி இலையைக் கிள்ளி எறிகிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். அந்தப் புள்ளிகளில் இருக்கும் நுண்ணிய தூளே பெரணியின் சந்ததி. சாஸ்திரக்காரர்கள் அதை ஸ்போர் என்பார்கள். நாம் வித்துத்தூள் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தத் தூள் மண்ணில் விழுந்தால் உடனே பெரணி முளைத்துவிடாது. முதலில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாக, இதய வடிவத்தில், ஒரு பச்சைத் தகடு உண்டாகிறது. அதன் அடிப்புறத்தில் ஆண் அணுக்களும் பெண் அணுக்களும் தோன்றுகின்றன. ஆண் அணு பெண் அணுவிடம் நீந்தித்தான் போயாக வேண்டும். அது நீந்துவதற்கு ஆறும் குளமும் தேவையில்லை. மெல்லிய ஈரப்படலம் இருந்தால் போதும். அந்த ஈரம் இல்லாவிட்டால் அந்த வம்சம் அத்துடன் நின்றது. குற்றாலத்தின் சாரல் நமக்கு உல்லாசம்; பெரணிக்கு அதுவே பிள்ளைப் பேறு.

இக்குலம் பூமியில் தோன்றிச் சுமார் 36 கோடி வருஷங்கள் ஆகின்றன என்று கணக்கிடுகிறார்கள். அப்பொழுது பூ என்ற ஒன்று உலகத்திலேயே கிடையாது. பெரும் பல்லிகள் பிற்பாடு வந்தன, ஆண்டன, 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன்பு மாண்டன. பெரணி மட்டும் மாளவில்லை. 1883-ல் கிரகடோவா என்ற எரிமலைத் தீவு வெடித்துச் சாம்பலாயிற்று. 1886-ல் அங்கே போய்ப் பார்த்தபோது, சாம்பலின் மேல் முதன்முதலாகக் குடியேறியிருந்த செடிகளில் பெரும் பங்கு பெரணிகளாகவே இருந்தன. வித்துத்தூள் காற்றில் கடலைக் கடந்துவிட்டது!

இன்று உலகத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெரணி வகைகள் உண்டு. மேற்கு மலையின் ஓடைக் கரைகளில் தென்னைபோல் அடிமரத்துடன் நிற்கும் மரப் பெரணியும் இக்குலந்தான். வயல் தண்ணீரில் விரல் நகமளவு மிதந்து, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குச் சேர்த்துக் கொடுக்கும் அசோலாவும் இக்குலந்தான். கொல்லிமலையில் சூப்பு வைப்பதற்கென்று விற்கும் முடவாட்டுக்கால், கிழங்கு அல்ல, பெரணியின் தண்டு. வரப்போரத்தில் நாலு இலையுடன் தலை நீட்டும் ஆரைக்கீரையும் பெரணியே என்றால் நம் வீட்டுப் பெண்மணிகள் நம்பமாட்டார்கள். மயிற்சிகையோ வெயில் காயும் சுவர் வெடிப்பில் சுருண்டு கிடந்து, மழை கண்டதும் விசிறிபோல விரிந்துகொள்கிறது.

நம் மலைகளின் பெரணிகளுக்கு முதலில் படத்துடன் பெரும் புஸ்தகம் எழுதியவர் ஓர் ஆங்கிலேயர். சென்னை ராஜதானியின் வனத்துறையில் இருந்த கர்னல் பெட்டோம். 1863-ல் அது சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிற்று. நம் வீட்டுச் சொத்தின் ஜாபிதாவை அயலார் எழுதினார்களே என்ற குறை பிற்பாடு தீர்ந்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் மாணிக்கம் அடிகளாரும் இருதயராஜ் அவர்களும் தென்னிந்திய மேற்கு மலையின் பெரணிகளையும் அவற்றின் இனத்தவற்றையும் ஆராய்ந்து 1992-ல் நூல் வெளியிட்டார்கள். தாமிரபரணிக் கரைக்காரர்கள் செய்ய வேண்டிய காரியந்தான்.

இனி நம் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் குற்றாலத்திலிருந்து திரும்புகையில், வழியோரப் பாறையிலிருந்து ஒரு பெரணியை வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி மதுரைக்குக் கொண்டு வந்தோம். நல்ல தொட்டி, நல்ல எரு, வேளைக்குத் தண்ணீர், போதாததற்கு நல்ல வெயில். எட்டாம் நாள் அது காகிதமாய்க் காய்ந்துவிட்டது. எரிமலைக்கு அஞ்சாத குலம் நம்முடைய அன்புக்கு இரையாகி விட்டது!

காரணம் பிற்பாடு விளங்கிற்று. இன்று நாம் காணும் பெரணிகளில் பெரும்பாலானவை, பூக்கும் மரங்கள் தோன்றிய பிறகு அவற்றின் நிழலிலே கிளைத்துப் பெருகியவை என்று 2004-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டுகிறது. ஆகவே மர நிழலும், மக்கிய இலையும், ஈரக் காற்றும் அவற்றுக்குத் தாய்வீடு. தண்ணீரை ஊற்றிவிடலாம், காற்றின் ஈரத்தை எந்தக் குடத்தில் ஊற்றுவது? மேலே நிற்கும் மரத்தை வெட்டினாலும் பெரணி சாகிறது. பாறையைச் சுரண்டினாலும் சாகிறது. 36 கோடி வருஷத்து வம்சமானாலும், ஒரு பாறையில் அது அழிவதற்கு ஒரு வாரம் போதும்.

ஆசை விடாதவர்களுக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. நாற்றங்காலில் வளர்த்த பெரணியின் முற்றிய இலை ஒன்றைக் காகித உறையில் இரண்டு நாள் வையுங்கள், தூள் உதிரும். செங்கல் ஒன்றைக் கொதிநீரில் போட்டு ஆறவைத்து, அதன்மேல் தூளைத் தூவி, கண்ணாடிப் பாத்திரத்தில் சிறிது தண்ணீருடன் மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்துவிடுங்கள். சில வாரங்களில் பச்சை படரும். இதயத் தகடுகள் தெரிந்ததும் ஆறவைத்த நீரை மெல்லத் தெளித்து வாருங்கள். சில மாதங்களில் சுருள் சுருளாகக் குட்டிப் பெரணிகள் எழும்பும். நாம் இவ்விதம் வளர்த்த பெரணி ஒன்று இப்போது குளியலறை ஜன்னலோரத்தில் சௌக்கியமாக இருக்கிறது.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகும் நேயர்கள், அருவிக்கரைப் பாறையின் முன் ஒரு நிமிஷம் நிற்கட்டும். இலையின் அடிப்புறத்தைக் குனிந்து பார்க்கட்டும். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்ளட்டும்.