தாத்தா தோப்புக் குருவி

போன அக்டோபரில் இங்கே சிங்கப்பூர் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் என் மகள் ஒரு குருவியைக் கண்டுபிடித்தாள். கருப்புத் தலை, செங்கல் நிற முதுகு, உடம்பைவிட நீளமாக ரிப்பன் மாதிரி வால். நான் எடுத்த படம் கொஞ்சம் மங்கல்தான். ராத்திரி வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினோம். அப்பாவுக்கு உலகமே தென்காசிப் பக்கம் இருக்கிற எங்கள் மாந்தோப்புதான். பார்த்ததும், "ஏட்டி, இது நம்ம தோப்புக் குருவில்லா! அங்கயும் வந்துட்டா?" என்றார்.

போதாதா? மறுநாளே ஸ்கூல் புராஜெக்டுக்கு ஒரு சார்ட். தென்காசியிலிருந்து கடல் தாண்டி சிங்கப்பூருக்கு ஒரு சிவப்பு அம்பு. மேலே, 'என் தாத்தாவின் குருவி என்னைப் பார்க்க வந்தது'.

நான் சும்மா இருந்திருக்கலாம். தப்பான அம்பு ஒன்று கண்ணில் பட்டால் எங்கள் தொழில்காரர்களுக்குத் தூக்கம் வராது. பறவைக் கையேட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

அப்பா தோப்பில் வருவது அரசவால் ஈப்பிடிப்பான். 2015 வரை இந்தியா, தென்கிழக்கு ஆசியா, சீனா எல்லாவற்றுக்கும் சேர்த்து இது ஒரே இனம் என்றுதான் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு மூன்றாகப் பிரித்துவிட்டார்கள்: இந்திய இனம், மியன்மாரிலிருந்து இந்தோனேசியா வரை உள்ள பிளைத் இனம், சீனாவிலும் கொரியாவிலும் ரஷ்யாவின் தூரக் கிழக்கிலும் கூடு கட்டும் அமுர் இனம். சிங்கப்பூருக்கு வலசை வருபவை பின்னால் சொன்ன இரண்டும்தான். எங்கள் படத்தில் கருப்புத் தலை, கோடு போட்ட மாதிரி சட்டென்று முடிந்து சாம்பல் மார்பு தொடங்கியது. அது அமுர் இனத்தின் அடையாளம். அதாவது இவள் பார்த்த குருவி வடக்கேயிருந்து வந்தது. தென்காசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "அப்போ இது நம்ம குருவி இல்லையாப்பா?"

அவளைச் சமாதானப்படுத்தத் தேடப்போய்த்தான் சுவாரசியமான சங்கதிகள் கிடைத்தன. பெயரில் ஈப்பிடிப்பான் என்று இருந்தாலும் இது உண்மையான ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. முன்பு அங்கேதான் வைத்திருந்தார்கள். இப்போது மொனார்க் என்ற தனிக் குடும்பம். மரபணுவைப் பார்த்தால் காக்கை, கரிச்சான், கீச்சான் இவர்கள்தான் கிட்டத்துச் சொந்தம். பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கிற வேலை ஒன்றாக இருந்ததால் பெயரும் ஒட்டிக்கொண்டது. எங்கள் பாஷையில் சொன்னால் ஈப்பிடிப்பான் என்பது இன்டர்ஃபேஸ், பேரன்ட் கிளாஸ் இல்லை. இதில் வேடிக்கை, 1758-இல் முதன்முதலில் பெயர் வைத்த லின்னேயஸ், இதைக் காக்கைகளோடு சேர்த்து 'கார்வஸ் பாரடிசி' என்றுதான் எழுதினார். மரபணு என்றால் என்னவென்றே தெரியாத காலம்!

இதை அப்பாவிடம் சொன்னதும், "காக்காவுக்குச் சொந்தமா? அந்த அழகுக்கா?" என்று அவருக்கு ஒரே வருத்தம்.

இலங்கை வேர் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். அங்கேயே நிரந்தரமாக வாழும் துணை இனம் ஒன்று உண்டு. அதில் ஆண் எத்தனை வயதானாலும் செங்கல் நிறம்தான், வெள்ளையாகாது. அங்கே வெள்ளை வால் பறந்தால் அது இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வந்த விருந்தாளி. சிங்களத்தில் வெள்ளைக்குத் துணித் திருடன், சிவப்புக்கு நெருப்புத் திருடன் என்று பெயர். டிசம்பர் லீவில் ஊருக்குப் போனால் பிள்ளைகளிடம் இரண்டையும் தேடச் சொல்லுங்கள். வால் குட்டையாக இருந்தால் ஏமாற வேண்டாம். பெண்ணுக்கு எப்போதுமே குட்டை வால், இளம் ஆணுக்கும் நீள வால் வர இரண்டு மூன்று வருஷமாகும்.

கடைசியில்தான் அந்தக் கேள்வி எனக்கே உறைத்தது. அப்பாவின் குருவி ஐப்பசி வாக்கில் வந்து பங்குனிக்குள் போய்விடும். அப்படியானால் அதுவும் அங்கே கூடு கட்டுவதில்லை. இந்திய இனத்தில் ஒரு பகுதி இமயமலையிலும், அதற்கும் வடக்கே தியான் ஷான் மலைகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே இறங்குகிறது. அப்பா தோப்புக்கு வருவது அங்கிருந்தா, மத்திய இந்தியாவிலிருந்தா என்று பார்த்துச் சொல்வது கஷ்டம். வெளியூர்க் குருவி என்பது மட்டும் நிச்சயம்.

மகள் சிவப்பு அம்பை அழித்துவிட்டாள். இப்போது சார்ட்டில் வடக்கிலிருந்து இரண்டு அம்பு இறங்குகிறது, ஒன்று தென்காசிக்கு, ஒன்று சிங்கப்பூருக்கு. தலைப்பை மட்டும் என்னைத் தொடவிடவில்லை, அவளே திருத்தினாள்: 'தாத்தா குருவியோட சித்தப்பா பையன் என்னைப் பார்க்க வந்தான்'.

அப்பாவிடம் எல்லாம் விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அந்த மலை பேரு என்னன்ன? மெதுவாச் சொல்லு, எழுதிக்கிடுதேன்."