துருப்பிடிச்ச புல்டோசரும் நம்மாளுங்க போட்டோவும்

யாழ்ப்பாணம் போற நம்ம பதிவர்கள் ஆனையிறவுல இறங்காம வர்றதில்லை. ஏ9 ரோட்டோரம் நிக்கிற துருப்பிடிச்ச புல்டோசர் முன்னாடி ஒரு போட்டோ. கீழே "எப்படிச் செஞ்சிருக்காங்க பாருங்க"ன்னு ஒரு வரி. முடிஞ்சது வரலாறு. இன்னொரு கோஷ்டி, "அவமானச் சின்னம், காயலான் கடையில போடு"ன்னு பொங்குது. ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கடுப்புதான்.

1991 ஜூலையில் ஆனையிறவு முகாமைப் பிடிக்கப் புலிகள் இறங்கிய சண்டை அது. சுத்திலும் உப்பு வெளி, ஒளிய ஒரு மரம் கிடையாது. அதனால மண் தள்ளுற புல்டோசருக்கு இரும்புத் தகடு அடிச்சு, கவச வண்டியாக்கி முன்னால விட்டாங்க. காமினி குலரத்ன என்ற சிப்பாய் அதுமேல ஏறி உள்ளே கையெறிகுண்டு போட்டு நிறுத்தினார், அவரும் செத்துப்போனார். இலங்கை ராணுவத்தோட உச்ச விருதான பரம வீர விபூஷணய முதன்முதல்ல அவருக்குத்தான். அவர் துணிச்சலை நான் குறை சொல்லலை.

சரி, வண்டிக்குள்ள இருந்தவங்க? அந்தச் சண்டையில ஐநூறு பேருக்கு மேல இழந்ததா புலிகளே சொன்னாங்க. நினைவிடம் என்னவோ வெளியே செத்தவருக்கு மட்டும்தான்.

"ஜெயிச்சவன் வெப்பான், நம்ம நாட்டுல வெக்கலையா?"ன்னு கேப்பீங்க. வெச்சோம். 1965-ல பஞ்சாப் கேம்கரன் பக்கம் பிடிச்ச பாகிஸ்தான் பேட்டன் டாங்கிகளை நிறுத்திவெச்ச இடத்துக்குப் பேட்டன் நகர்னே பேரு. ஆனா அது அடுத்த நாட்டு வண்டி. ஆனையிறவு வண்டிய ஓட்டினவன் அதே மண்ணுக்காரன். அவன் சொந்தக்காரங்க இன்னிக்கும் அதே ரோட்டுல பஸ்ல போறாங்க, ஜன்னல் வழியா அதைப் பாத்துக்கிட்டே.

இதைவிட மோசமான கூத்து ஒண்ணு. போர் முடிஞ்சதும் மாவீரர் துயிலும் இல்லங்களை புல்டோசர் விட்டே இடிச்சுத் தள்ளினாங்க. கோப்பாயில கல்லறைகள் இருந்த இடத்துல 2011-ல ராணுவத் தலைமையகமே வந்துச்சு. பிள்ளைங்க படுத்திருந்த இடத்துக்கு மதிப்பில்லை, புல்டோசருக்கு மட்டும் மேடை!

அதனாலதான் காயலான் கடை கோஷ்டியோட எனக்கு ஒத்துப்போகலை. கல்லறையும் போச்சு, இதையும் உடைச்சா என்னய்யா மிச்சம்? அந்தத் தகட்டை வெட்டி ஒட்டின கை நம்ம பசங்க கை. இரும்பு இருக்கட்டும், பக்கத்துல உள்ளே செத்தவங்களுக்கும் ஒரு கல் வைன்னு கேளுங்க. யாழ் பல்கலைக்கழக முள்ளிவாய்க்கால் நினைவுச்சின்னத்தை 2021 ஜனவரியில இடிச்சாங்க; மாணவர்கள் உண்ணாவிரதம் உக்காந்தாங்க, ஏப்ரல்ல அதே இடத்துல திரும்ப எழும்பிச்சு. கேட்டா நடக்கும்.

"திருவண்ணாமலைக்காரனுக்கு இதுல என்ன"ன்னு கேக்காதீங்க. எங்க மாவட்டத்துலயே ஈழத்து அகதி முகாம்கள் இருக்கு. அதோட, 1767 செப்டம்பர்ல எங்க ஊர்லயும் செங்கத்துலயும் ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம், கும்பெனிக்காரன் ஜோசப் ஸ்மித் ஒரு பக்கம்னு பெரிய சண்டையே நடந்துச்சு. கிரிவலம் போற கூட்டத்துல கேட்டுப் பாருங்க, எத்தனை பேருக்குத் தெரியும்னு. இந்த மண்ணுல விழுந்தவன் பேரைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

அடுத்து ஆனையிறவு போறவங்க செல்ஃபியோட நிறுத்தாம, அங்க இருக்கிற பலகையை முழுசா படம் எடுத்துப் போடுங்க. அதுல என்ன எழுதலைன்னு பேசுவோம்.