எலிக்கு நடப்பது நெசவாளிக்கும் நடக்குமா?

ஆரணி அருகே உள்ள களம்பூர், பட்டுத்தறிக்கும் அரிசி ஆலைக்கும் பேர் போன ஊர். வீட்டில் தார் சுற்றும் சின்ன மோட்டாரும், ஆலையில் ஓடும் பெரிய மோட்டாரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில்தான் இயங்குகின்றன. மின்சாரம் பாயும் இடத்தில் காந்தப்புலமும் இருக்கும். ‘இந்தப் புலம் எலியோட மரபணுவையே மாத்திடுச்சாம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால், மோட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்பவர் பயப்படத்தானே செய்வார்?

ஆய்வுகள் சொல்வது என்ன?

செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது, அவற்றையே சேதப்படுத்தக்கூடிய மூலக்கூறுகளும் உருவாகின்றன. இவற்றை அடக்க கேட்டலேஸ், சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூடேஸ் போன்ற நொதிகள் உடம்பிலேயே இருக்கின்றன. எலிகளைக் காந்தப்புலத்தில் வைத்துப் பார்த்தபோது, இந்த நொதிகளுக்கான மரபணுக்களின் செயல்பாடு சில ஆய்வுகளில் கூடியது, சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் மாறவே இல்லை. மாறியது மரபணு அல்ல, அது வேலை செய்யும் வேகம். அது கூடினால் நோய் என்று அர்த்தமில்லை. உடம்பு சமாளிக்கிறது என்றும் இருக்கலாம்.

அளவுதான் முக்கியம்

பல சோதனைகளில் 100 முதல் 1,000 மைக்ரோடெஸ்லா வரை புலம் தரப்படுகிறது. பொதுமக்களுக்கு 2010-இல் வகுக்கப்பட்ட சர்வதேச வரம்பு 200. தூரம் கூடக்கூட இது சட்டென்று குறையும். ஹேர் டிரையரில் இருந்து 3 செ.மீ. தூரத்தில் 6 முதல் 2,000 வரை இருக்கும் புலம், 1 மீட்டரில் 0.03-ஐத் தாண்டுவதில்லை.

அதற்காக ‘ஒண்ணுமே இல்லை’ என்று ஒதுக்கவும் முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2002-இல் இந்தக் காந்தப்புலத்தை ‘புற்றுநோயை உண்டாக்கச் சாத்தியமுள்ளவை’ பட்டியலில் சேர்த்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் பற்றிய புள்ளிவிவரங்களே அதற்குக் காரணம். விலங்கு ஆய்வுகளின் ஆதாரம் போதாது என்றும் அதுவே சொன்னது.

செய்ய வேண்டியது

பீதியும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். கையடக்கக் கருவி ஒன்றே போதும், காந்தப்புலத்தை அளந்துவிடலாம். தறி வீடுகளிலும் ஆலைகளிலும் அரசே அளந்து, முடிவை மக்களுக்குப் புரியும்படி வெளியிட வேண்டும். அதுவரை மோட்டாரை ஒரு கை தூரம் தள்ளி வைப்பது செலவில்லாத பாதுகாப்பு. ‘கதிர்வீச்சைத் தடுக்கும்’ ஸ்டிக்கருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அது இந்தப் புலத்தைத் தடுக்காது.

எலியின் ரத்தத்தில் தெரிந்ததை வைத்து நெசவாளியைப் பயமுறுத்துவது எளிது. அவர் உட்காரும் இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் பொறுப்பு.