முதலில் வாங்க வேண்டியது சுத்தியலா?

வீட்டின் பின்புறத்தில் ஒரு சாய்ப்பும், கையில் கொஞ்சம் பணமும் கிடைத்து, "இங்கே உனக்கென்று ஒரு சிறு பட்டறை வைத்துக்கொள்" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என வைத்துக்கொள்வோம். முதலில் என்ன வாங்குவீர்கள்? மாணவர்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் வரும் விடை சுத்தியல். அடுத்தது ரம்பம். சற்று வசதியுள்ளவர்கள் மின்சாரத் துளைக்கருவி என்பார்கள்.

என் கருத்து வேறு. வெட்டவும் அடிக்கவும் துளைக்கவும் பயன்படும் கருவிகளைப் பிறகு வாங்கலாம். அவற்றில் பாதி உங்கள் வீட்டிலேயே இருக்கும். வெட்டுக்கத்தி இல்லாத வீடு நாஞ்சில் நாட்டில் உண்டா? தேடினால் ஒரு பழைய சுத்தியலும் அகப்படும். நம் வீடுகளில் பெரும்பாலும் இல்லாதவை, ஒரு பலகை நேராக இருக்கிறதா, ஒரு தூண் நிமிர்ந்து நிற்கிறதா, ஒரு தரை மட்டமா என்று கேட்டால் விடை சொல்லும் கருவிகள். தூக்குக்குண்டு, நீர்மட்டக் குழாய், மூலமட்டம், அளவு நாடா ஆகிய நான்கையும் நான் சொல்கிறேன். இவற்றில் மூன்றை நீங்களே செய்துகொள்ளலாம் என்பது கூடுதல் ஆதாயம்.

மட்டம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அறிய விரும்பினால் திருவட்டாறுக்கு அருகிலுள்ள மாத்தூர் தொட்டிப்பாலத்திற்குச் சென்று பாருங்கள். இரண்டு குன்றுகளுக்கு இடையே, பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் மேலே, 28 தூண்கள் தாங்கி நிற்கும் திறந்த கான்கிரீட் தொட்டி அது. 1966-ல் கட்டப்பட்டது. தூண்களில் உயரமானவை ஆற்றிலிருந்து நூறு அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கின்றன. பட்டணங்கால் கால்வாயின் நீர் இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றுக்குத் தானாகவே நடந்து போகிறது. அங்கே எந்த இறைவை இயந்திரமும் இல்லை. தொட்டியின் அடித்தளம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டே போக வேண்டும், இவ்வளவுதான் இரகசியம். 28 தூண்களில் எந்தத் தூணின் தலை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்ற கணக்கு பிசகினால், எவ்வளவு சிமெண்டு கொட்டியும் பயனில்லை. பார்க்க வருகிறவர்கள் உயரத்தைக் கண்டு வியக்கிறார்கள். நான் அந்த மெல்லிய சரிவைக் கண்டுதான் வியக்கிறேன்.

இதே வேலையை உங்கள் வீட்டு மொட்டை மாடியில் செய்து பார்க்கலாம். நம் மாவட்டத்திற்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மாடியில் தண்ணீர் தேங்கினால் ஆண்டில் பல மாதங்கள் தேங்கும், பாசி பிடிக்கும், பிறகு கூரை ஒழுகும். தேங்கும் மூலை வடிகுழாயின் வாயைவிடத் தாழ்ந்திருக்கிறதா, எத்தனை மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. 10 மீட்டர் நீளமுள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று சொல்லிவிடும். கொத்தனார்கள் டியூப் மட்டம் என்பது இதைத்தான்.

குழாயில் நீரை நிரப்பி இரு முனைகளையும் மேலே தூக்கிப் பிடித்தால், இரு பக்க நீர்மட்டமும் ஒரே உயரத்தில் நிற்கும். நடுவில் குழாய் தரையில் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும் கவலையில்லை. சுவரின் மூலையைச் சுற்றிப் போனாலும் சரி. ஒரே திரவம் ஓய்ந்து நிற்கும்போது, ஒரே உயரத்தில் அழுத்தம் ஒன்றாகவே இருக்கும் என்று வகுப்பில் படித்தீர்கள் அல்லவா? அதுவேதான். ஒரு முனையை வடிகுழாயின் அருகிலும் மற்றதைத் தேங்கும் மூலையிலும் வைத்து, நீர்மட்டத்திலிருந்து தரைவரை இரு இடத்திலும் அளந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தரையின் ஏற்றத்தாழ்வு.

இந்தக் கருவியை ஏமாற்றக்கூடியவை இரண்டு உண்டு. முதலாவது காற்றுக்குமிழி. குழாயின் விட்டத்தை அடைத்துக்கொண்டு 5 செ.மீ. நீளக் குமிழி ஒன்று செங்குத்தான பகுதியில் நின்றுவிட்டால், அந்தப் பக்கத்து நீர்மட்டம் ஏறக்குறைய 5 செ.மீ. உயர்ந்து நிற்கும். இரண்டாவது வெயில். ஒரு பக்கம் நிழலிலும் மறுபக்கம் வெயிலிலும் நின்றால், சுடுநீரின் அடர்த்தி குறைவு என்பதால் அது உயர்ந்து நிற்கும். 1 மீட்டர் உயர நீர்க்கம்பம் ஒரு பக்கம் 30 டிகிரி செல்சியசிலும் மறுபக்கம் 50 டிகிரியிலும் இருந்தால் வேறுபாடு கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர். ஆகவே அளக்கத் தொடங்குமுன் இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள். இரண்டும் ஒரே கோட்டில் நின்றால்தான் குழாயை நம்பலாம். வேலை முடிந்ததும் மறுபடி ஒருமுறை சேர்த்துப் பாருங்கள்.

இந்தச் சோதனையின் பொருட்டுத்தான் இக்கட்டுரையையே எழுதுகிறேன் எனலாம். சுத்தியல் கெட்டுப்போனால் பார்த்தவுடன் தெரியும். அளக்கும் கருவி கெட்டுப்போனால் அது ஓசையின்றிப் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி நல்ல பலகையை அறுத்துவிடுவோம். அறுத்த பலகை நீளாது. ஒரு கருவியைக் கையில் எடுப்பவர் அதைச் சோதிக்கும் முறையையும் அறிந்திருக்க வேண்டும். அதற்கு வேறொரு உயர்ந்த கருவி தேவையில்லை என்பதுதான் இதிலுள்ள அழகு.

மூலமட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரு சட்டங்கள் செங்கோணத்தில் இணைந்த கருவி அது. கடையில் வாங்கியது உண்மையிலேயே 90 பாகைதானா? நேரான விளிம்புள்ள பலகையில் அதைப் பொருத்தி ஒரு கோடு கிழியுங்கள். பிறகு கருவியை இடவலமாகத் திருப்பி, அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு கிழியுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கருவி சரி. கால் பாகை பிழை இருந்தால், 30 செ.மீ. நீளக் கோடுகள் முடிவில் 2.6 மில்லிமீட்டர் விலகி நிற்கும். திருப்பி வைப்பதால் பிழை இரட்டிப்பாகத் தெரிகிறது, கண்ணுக்குத் தப்பாது. பெரிய மூலைகளுக்குப் பிதகோரஸ் இருக்கவே இருக்கிறார்: ஒரு பக்கம் 60 செ.மீ., மறுபக்கம் 80 செ.மீ. குறித்தால் குறுக்கே 100 செ.மீ. வர வேண்டும்.

ரசமட்டத்தையும் இப்படியே சோதிக்கலாம். (பெயரில் ரசம் இருந்தாலும் அதனுள் பாதரசம் இல்லை, சாராய வகைத் திரவமும் ஒரு காற்றுக்குமிழியும்தான்.) ஒரு பரப்பில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பாருங்கள், பிறகு அதே இடத்தில் முனைகளை மாற்றி வையுங்கள். குமிழி வேறிடத்தில் நின்றால் குறை தரையில் இல்லை, கருவியில். கைப்பேசியிலேயே மட்டம் பார்க்கும் செயலி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அதற்கும் இதே சோதனைதான். பல கைப்பேசிகளின் முதுகில் கேமரா புடைத்துக்கொண்டிருப்பதால் அவை தட்டையாகப் படுப்பதே இல்லை! திருப்பி வைத்துப் பாருங்கள், புரியும்.

தூக்குக்குண்டுக்கு இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. பழுதாக அதில் ஒன்றுமில்லை. குளச்சல், முட்டம் பக்கம் உள்ளவர்கள் வலையில் கோக்கும் ஈயக்குண்டு ஒன்றை வாங்கித் தங்கூசியில் கட்டினால் கருவி தயார். தங்கூசிக்கு முறுக்கு இல்லையாதலால், குண்டு பம்பரம்போல் சுற்றாது. ஈயத்தைத் தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கத்து நண்பர்கள், "எங்கள் ஊர்க் காற்றில் குண்டு நிற்குமா?" என்று சிரிக்கக்கூடும். குண்டை ஒரு வாளி நீரில் மூழ்கும்படி விடுங்கள். நீரின் தடை ஆட்டத்தை அடக்கிவிடும். மிதப்பு விசை நேர்மேலாகவே செயல்படுவதால் நூலின் திசை மாறாது. இன்னொன்று: 31 மீட்டர் இடைவெளியில் இரண்டு தூக்குக்குண்டுகளைத் தொங்கவிட்டால் அவை சரியாக இணையாக இரா. இரண்டும் பூமியின் மையத்தை நோக்குவதால் ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு சாய்ந்திருக்கும். வீட்டு வேலைக்கு இது வேண்டாம். தெரிந்துவைத்திருப்பதில் ஒரு மகிழ்ச்சி, அவ்வளவே.

அளவு நாடாவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். எஃகு நாடாவின் முனையிலுள்ள கொக்கி லேசாக ஆடும். பழுது என்றெண்ணிப் பலர் அதைத் தட்டி இறுக்கிவிடுகிறார்கள். செய்யாதீர்கள். கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு ஆடும்படி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து மாட்டி இழுத்தாலும், உட்புறச் சுவரில் முட்டி அளந்தாலும் அளவு சரியாக வருவது அந்த ஆட்டத்தால்தான்.

பல வேலைகளுக்கு நாடாவைவிட ஒரு குச்சியே மேல் என்பது என் எண்ணம். பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் தச்சர்கள் 'கோல்' கொண்டு அளந்தார்கள். ஒரு கோலுக்கு 24 விரல். இன்றைய கணக்கில் 72 செ.மீ. தக்கலைக்கு அருகில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் முகமண்டபத்து மரப்பூக்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை, சாளரங்களில் வரிசையாகச் சாய்ந்து நிற்கும் மரச் சட்டங்களின் இடைவெளிகளைப் பாருங்கள். இப்படி ஒரே இடைவெளி திரும்பத் திரும்ப வரும் வேலையில், ஒவ்வொரு முறையும் நாடாவைப் படித்து எழுதினால் ஒவ்வொரு முறையும் பிழைக்கு வாய்ப்புண்டு. ஒரு குச்சியில் ஒருமுறை குறித்து, அதையே எல்லா இடத்திலும் வைத்துக் கோடு போட்டால், எண்ணே குறுக்கிடாது. நீங்கள் செய்யும் புத்தகத் தட்டு அலமாரிக்கும் இதுவே வழி.

வெட்டும் கருவிகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நல்ல உளி, ஒரு கைரம்பம், ஓர் இழைப்புளி போதும். அவற்றுடன் கட்டாயமாக ஒரு சாணைக்கல். மழுங்கிய உளி பாதுகாப்பானது என்று நினைப்பது தவறு. மழுங்கியதைத்தான் பலங்கொண்ட மட்டும் தள்ளுவோம். அது வழுக்கினால் அடுத்த கையில்தான் போய் இறங்கும்.

பட்டறை இல்லாவிட்டாலும் தூக்குக்குண்டு ஒன்றை இந்த வாரமே செய்துவிடுங்கள். உங்கள் வீட்டில் திறந்துவைத்தால் தானே சாத்திக்கொள்ளும் கதவு ஏதாவது இருக்கிறதா? காற்றில்லாத நேரத்திலும் சாத்திக்கொண்டால், கீல்கள் நிற்கும் கோடு செங்குத்தாக இல்லை என்று பொருள். கதவின் எடை தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகிறது. கீல் பக்கத்து நிலைச்சட்டத்தின் மேல்முனையில் ஓர் ஆணி அடித்துக் குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்து பாருங்கள். முன்பின்னாக ஒருமுறை, இடவலமாக ஒருமுறை. பிறகு தச்சாசாரி வரும்போது "கதவு சரியில்லை" என்று சொல்லாமல், எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் சாய்வு என்று எழுதிக் கொடுங்கள். சாய்வு சிறிதானால், ஒரு கீலுக்கு அடியில் ஒரு துண்டு அட்டையை வைத்துத் திருகியே அவர் வேலையை முடித்துவிடக்கூடும்.