அம்மாவின் இருநூறு ரூபாய்



எங்க அம்மா இருக்கிற மகளிர் குழுவில் கணக்கு நோட்டு இரண்டு. ஒன்று தலைவியிடம், இன்னொன்று பொருளாளரிடம். இரண்டிலும் இருப்பு 5,000 ரூபாய். ஒரே நாளில் அம்மா தலைவியிடம் 200 கட்ட, அவர் 5,200 என்று எழுதினார். பக்கத்து வீட்டு அக்கா பொருளாளரிடம் 300 கட்ட, அவர் 5,300 என்று எழுதினார். கூட்டத்தில் பொருளாளர் நோட்டே சரி என்று முடிவாயிற்று. "எழுதப் படிக்கத் தெரியாதவ சொன்னா யாரு நம்புவா?" என்று அம்மா அழுதார். பெட்டியைத் திறந்து எண்ணினால் 5,500! யாரும் திருடவில்லை. கணக்குதான் தவறு.

இதே தவறை கம்ப்யூட்டரும் செய்யும். ஒரே தரவின் பிரதிகள் பல கம்ப்யூட்டர்களில் இருந்தால், ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்துவிடும். அங்கே எண்ணிப் பார்க்கப் பெட்டி கிடையாது. எழுதிய எண்தான் பணம்!

கடிகாரம் பார்த்து யார் முந்தி என்று சொல்லலாமே என்பீர்கள். இரண்டு கம்ப்யூட்டரின் கடிகாரங்கள் ஒத்துப்போகாது. செய்தி அனுப்பியது முன், பெற்றது பின் என்ற விதியை வைத்தே வரிசை அமைக்கலாம் என்று 1978-இல் லெஸ்லி லாம்போர்ட் காட்டினார்.

ஆம்ஸ்டர்டாமில் ஹென்ரி பால் குழுவினர் உருவாக்கிய ஆர்கா மொழி இன்னும் எளிய வழி சொன்னது. அதில் புரோகிராம் எழுதுபவர் "5,200 என்று எழுது" என்பதில்லை. "200 கூட்டு" என்கிறார். அந்த வேலை நடுவில் யாரும் புகாமல் முழுதாக முடியும். பிரதிகள் பல இருந்தால் எல்லாவற்றுக்கும் கட்டளைகள் ஒரே வரிசையில் போய்ச் சேரும். படிப்பதற்கு மட்டும் சொந்தப் பிரதியே போதும். எழுதும்போது காத்திருக்க வேண்டும். கணக்கு சரியாக இருப்பதற்கு நாம் தரும் விலை அது.

"வேலைக்குப் போனா கத்துக்கலாம்டா" என்கிறார்கள் சில நண்பர்கள். அதுவரை யாருடைய பணத்தில் பழகுவது? லேபில் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் தனித்தனியாக புரோகிராம் போட்டுவிட்டு எழுந்து வருகிறோம். இரண்டை இணைத்து, இந்தத் தவறை நாமே வரவழைத்து, நாமே திருத்தும் பயிற்சி ஒன்றாவது வேண்டும். நம் சங்கம் இதைக் கேட்க வேண்டும்.

என் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். நான் எழுதும் புரோகிராமால் எந்த அம்மாவும் பொய்க்காரி ஆகக்கூடாது. சிந்திப்போம் நண்பர்களே!

— மூன்றாமாண்டு மாணவன், கம்ப்யூட்டர் பிரிவு