உயர்ந்த ஜிப்ஸி, உரசும் டயர்

1985ல் வந்த மாருதி ஜிப்ஸியின் பொது விற்பனை 2019ல் நின்றுவிட்டது. ஆனாலும் காட்டுப் பாதைப் பிரியர்களிடம் அதன் மவுசு குறையவில்லை. பழைய வண்டியை வாங்கியவர் முதலில் செய்வது, அதை மூன்று அங்குலம் உயர்த்திப் பெரிய டயர் மாட்டுவது. பட்டறை வாசலில் கம்பீரமாகத்தான் நிற்கிறது. முதல் பள்ளத்தில் இறங்கித் திரும்பும்போது 'கரக்' என்று ஒரு சத்தம்.

உடனே கிரைண்டரை எடுத்து மட்கார்டின் ஓரத்தை வெட்டுவது பட்டறை வழக்கம். அவசர வைத்தியம். உயர்த்துவதால் கூடுவது பாடிக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளி, அதுவும் வண்டி சமதரையில் நிற்கும்போது மட்டும். சக்கரம் கல்மேல் ஏறி ஸ்பிரிங் முழுதாக அமுங்கினால், ஆக்சில் பழையபடி ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் முட்டும்வரை மேலே வருகிறது. அங்கே இப்போது இருப்பதோ பெரிய டயர். பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் சரியான உயரத்தில் ஒரு கட்டை வைத்தாலே பல வண்டிகளில் உரசல் நின்றுவிடும். தகரத்தை வெட்ட வேண்டியதில்லை.

தரைக்கும் டிஃபரன்ஷியல் கூட்டுக்கும் உள்ள இடைவெளியை ஸ்பிரிங் கூட்டாது, டயர்தான் கூட்டும். 205/70 ஆர்15 டயரிலிருந்து 235/75 ஆர்15க்கு மாறினால் ஆக்சில் உயர்வது சுமார் 33 மில்லிமீட்டர். செலவழித்த மூன்று அங்குலத்துக்குக் கிடைப்பது ஒன்றேகால்!

உரசும் இடத்தைக் கண்டுபிடிக்கக் காது போதாது. சந்தேகமான இடங்களில் களிமண் உருண்டைகளை ஒட்டி, ஒரு முன் சக்கரத்தையும் அதற்குக் குறுக்கே உள்ள பின் சக்கரத்தையும் மேட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்ப வேண்டும். நசுங்கிய உருண்டை இடத்தைக் காட்டிக் கொடுக்கும். டயரும் டிராக் லிங்கும் பட்ட இடத்தில் பெயிண்ட் போய்ப் பளபளக்கும்.

எல்லோரும் மேலே போகும் சக்கரத்தைப் பார்க்கிறார்கள். ஆபத்து கீழே தொங்கும் சக்கரத்தில். பிரேக் ஹோஸ் பழைய நீளத்திலேயே இருந்தால் அது விறைத்து நிற்கும். ஒரு நாள் மலைச்சரிவில் அறுந்தால் மிதித்த பெடல் அப்படியே தரையோடு போகும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் ஹோஸ் தளர்வாக இருக்க வேண்டும். ஷாக் அப்சார்பர் போதிய நீளம் இல்லையென்றால் சக்கரத்தின் எடையை அதுவே தாங்கி, மாட்டிய இடத்தைப் பிய்த்துக்கொள்ளும். வேகத்தில் அதிர்வு வந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணத்தைப் பார்க்க வேண்டும்.

மலிவு வழி, நீள ஷேக்கிள். இரண்டு அங்குலம் நீட்டினால் கிடைப்பது ஒரே அங்குலம். அதோடு முன் ஆக்சில் சாய்ந்து, ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்ப மறுக்கிறது. நெடுஞ்சாலையில் இது விளையாட்டல்ல. தயாரிப்பாளரின் அசல் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் காட்டோடு நின்றுவிடுவதில்லை.

வேலை முடிந்த வண்டியைச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் ஸ்பிரிங்கின் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். புது ஸ்பிரிங் படிந்ததும் அவை தளர்ந்திருக்கும்.