பின்கட்டு பலம்

போன வாரம் மெரினாவில் ஒரு வெள்ளைக் குதிரையைப் பார்த்தேன். நெற்றியில் ஜிகினாப் பட்டி. முன்னங்காலை எடுத்து வைக்கவே யோசித்தது. மழைத்தண்ணீர் தேங்கிய தெருவில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்போமே, அப்படி. தோளில் அடியோ என்று குதிரைக்காரரிடம் கேட்டேன். அவர் முன்பக்கம் திரும்பவே இல்லை. பின்தொடையில் கையை வைத்து அழுத்திக் காட்டினார். "இங்க பிடிமானம் இல்ல சார். அதான் முன்கால அளந்து அளந்து வைக்குது."

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் மனிதர் சொன்னது சரி. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களை உடம்போடு எந்த எலும்பு மூட்டும் பூட்டவில்லை; நெஞ்சுக்கூடு இரண்டு தோள்களுக்கு நடுவே தசைத் தூளியில் தொங்குகிறது. பின்னங்கால் வேறு கதை. தொடையெலும்பு இடுப்பில் பொருந்தி, இடுப்பு முதுகெலும்போடு தடித்த நார்களால் கட்டுண்டு கிடக்கிறது. உந்தித் தள்ளுவது அந்தப் பின்கட்டுதான். (பழைய வீடுகளில் முன்கட்டுத் திண்ணையில் காலை நீட்டி உட்கார முடிந்ததும், பின்கட்டில் யாரோ மாவாட்டியதால்தானே!) சும்மா நிற்கும்போதே எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில். பின்புறம் தள்ளாடினால் பாரம் இன்னும் முன்னால் சரியும், தூளி இறுகும், தோளை வீசி எட்டு வைக்க வழியிருக்காது. சவுக்கை எடுத்தால் வேகம் கூடலாம், எட்டு நீளாது.

வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் லிப்பிஸானர் குதிரைகள் ஆண்டுக்கணக்கில் பழகுவதும் இதைத்தான். பின்னங்கால்களை மடக்கி, பிட்டத்தைத் தாழ்த்தி, பாரத்தைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டால் முன்னங்கால் இரண்டும் அலுங்காமல் அந்தரத்தில் நிற்கும். மாட்ரிட்டில் நான்காம் பிலிப் மன்னருக்கு பியெத்ரோ தாக்கா 1640-ல் முடித்த வெண்கலச் சிலையிலும் குதிரை பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. முன்பாதி உள்ளே வெற்று, பின்பாதி கெட்டி. யோசனை கலிலியோ சொன்னது என்பார்கள்.

நேற்று மறுபடி போனேன். ஜிகினாப் பட்டியைக் காணோம். குதிரைக்காரர் அதன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, கெட்டி மணலில் மெதுவாகப் பின்னோக்கி நடக்க வைத்துக்கொண்டிருந்தார். முதல் எட்டில் பிட்டம் ஒருபக்கம் சாய்ந்தது. அடுத்ததிலும். மூன்றாவதில் பின்குளம்பு மணலை அழுத்தி ஊன்றியது.

"ஒரு ரவுண்டு எவ்ளோண்ணே?" குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவர் கேட்டார்.

"இந்த வாரம் சவாரி இல்லப்பா" என்றார், தலையைத் திருப்பாமலே.